4.8 டிகிரி, பச்சை

ஏப்ரல் 1, செவ்வாய். பக்கம் 1

முன்சொல்: இல்லை. இதுதான் முதல் பக்கம்.

முதலில் விதி. இந்த நோட்டில் எல்லாப் பக்கத்துக்கும் நானே எண் போட்டுவிட்டேன். ஒவ்வொரு நாளும் எழுதத் தொடங்கும்போது, முந்தைய குறிப்பின் கடைசிச் சொல்லைத் தலையில் எழுத வேண்டும். நடுவில் ஒரு பக்கத்தைக் கிழித்தால் அடுத்த பக்கத்தின் சொல் அநாதையாக நிற்கும், மாட்டிக்கொள்வேன். பிளாக்செயின் என்பது இவ்வளவுதான்! காலேஜில் இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. மூன்று வருடம் யூடியூப், டிஸ்கார்ட், உடைந்த லேப்டாப். இந்தக் காகிதச் செயின்கூட எங்கள் டிஸ்கார்டு அரட்டைக் குழுவின் சவால்தான். ஏழு பேர் ஒப்புக்கொண்டோம். மற்ற ஆறு பேரும் ஒரு வாரத்தில் ஓடிவிடுவார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய செய்தி: வேலை கிடைத்துவிட்டது!!! ஈரோட்டில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் சென்னியப்பன் ஐயாவின் ஏஜென்சி. தொழிற்சாலையில் கிளம்பும் மருந்துப் பெட்டி மருந்துக்கடைக்குப் போகும்வரை ஒவ்வொரு கையும் செயினில் பதியும். வாங்குகிறவர் பெட்டியின் மேலுள்ள கியூஆர் கட்டத்தை போனில் ஸ்கேன் செய்தால் போதும். எங்கே இருந்தது, எத்தனை டிகிரியில் இருந்தது, எல்லாம் வந்துவிடும். போலி மருந்து, கெட்ட மருந்து எதுவும் நுழைய முடியாது. வேற லெவல்.

ஐயா வெற்றிலை மென்றுகொண்டே கேட்டார்.

"ஏந்தம்பி, இதுல போட்டதை அப்புறம் அழிக்க முடியாதா?"

"முடியாதுங்க ஐயா."

"என்ற கம்பெனி, என்ற கம்ப்யூட்டரு. எனக்கே முடியாதா?"

"உங்களுக்கே முடியாதுங்க. அதுதாங்க அழகே."

வெற்றிலையை மறு கன்னத்தில் ஒதுக்கினார். "அப்ப போடறப்பவே சரியாப் போட்டுக்கோணும்" என்றார்.

என்ன பாயிண்ட்! படிக்காத மனுஷன், ஒரே வரியில் பிடித்துவிட்டார். நாளை முதல் வேலையாக ஒழிக்க வேண்டியது, கோல்டு ரூம் கதவில் கயிறு கட்டித் தொங்கும் அந்த நோட்டு.

ஏப்ரல் 2, புதன். பக்கம் 3

முன்சொல்: நோட்டு.

கோல்டு ரூம் என்றால் இரண்டு லாரி நிற்கும் அளவுக்கு ஒரு குளிர் அறை. இன்சுலின், தடுப்பூசி எல்லாம் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்பவர் மயிலாத்தாள் அக்கா. பதினெட்டு வருடமாக அங்கேதான். வெயிலிலும் காதைச் சுற்றி மப்ளர். தினமும் மூன்று வேளை சுவர் தெர்மாமீட்டரைப் பார்த்து அந்த நோட்டில் எழுதுகிறார். பெட்டியை வெளியே அனுப்பும்முன் புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்க்கிறார், காய்ச்சல் பார்ப்பதுபோல!

"அக்கா, இனிமே நோட்டு வேண்டாங்க. நோட்டுல யாரு வேணாலும் மாத்தி எழுதலாம். செயின்ல முடியாது."

"நான் எதுக்குக் கண்ணு மாத்தி எழுதறேன்?"

"நீங்கன்னு சொல்லலீங்க. பொதுவாச் சொல்றேன்."

"பொதுவுல யாரு, நான் ஒருத்திதான இங்க இருக்கறேன்" என்று சிரித்தார்.

எல்லா ஊழியருக்கும் போனில் ஒரு கணக்கு. கட்டைவிரலை வைத்தால் "நான் பார்த்தேன், சரியாக இருக்கிறது" என்று அவர் பெயரில் செயினில் ஏறும். அக்காவின் ரேகை பெட்டி தூக்கித் தூக்கித் தேய்ந்திருக்கிறது. பதினோரு தடவை வைத்தும் போன் ஏற்கவில்லை. "உடு தம்பி, எனக்கு இதெல்லாம் எதுக்கு" என்றார். அமைப்பில் ஓட்டை விடலாமா? அவர் கணக்கில் என் விரலைப் பதித்துவிட்டேன். வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான். அதற்குத் தேவை ஒரு விரல்.

ஏப்ரல் 4, வெள்ளி. பக்கம் 5

முன்சொல்: விரல்.

வெப்பநிலை அளக்கும் லாகர் ஐந்து கேட்டிருந்தோம். ஒன்றுதான் வந்தது. தீப்பெட்டி அளவு, மஞ்சள் நிறம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் செயினில் எழுதும். என்ன அழகு!

ஏப்ரல் 10, வியாழன். பக்கம் 6

முன்சொல்: அழகு.

டெமோ நாள்.

இன்சுலின் கம்பெனியின் அதிகாரிகள் இரண்டு பேர் சென்னையிலிருந்து பத்தரை மணிக்கு வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்தால் ஐந்து மாவட்ட விநியோகமும் ஐயாவுக்கு. காலை ஏழு மணிக்கு லாகரை முதல்முறையாகக் கோல்டு ரூமில் வைத்து, லேப்டாப்பில் டேஷ்போர்டைத் திறந்தால் சிவப்பு! 13.6 டிகிரி!

எட்டு டிகிரியைத் தாண்டி அரை மணி நேரம் ஆனால் அந்தச் சரக்கு முழுவதும் தானாகப் பூட்டிக்கொள்ளும். யாரும் பில் போட முடியாது, கம்பெனிக்கு மெயில் பறக்கும். அந்த விதியை எழுதியது நான். நாற்பது வரி. என் வாழ்க்கையிலேயே மிகச் சுத்தமான புரோகிராம்.

"கம்ப்ரசரு ஒரு வாரமா முக்குது தம்பி" என்றார் மயிலாத்தாள் அக்கா. "நோட்டுல எழுதித்தான வெச்சிருக்கறேன்." நிறுத்தச் சொன்ன பிறகும் எழுதுகிறார்!

ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "பார்ட்ஸு வாங்கி மெக்கானிக்கு வர பத்து நாளாகும். பூட்டைப் போட்டவன் நீதான, தொறடா."

"தொறக்க முடியாதுங்க ஐயா. அப்படித்தான் எழுதியிருக்கறேன்."

"ரொம்ப அழகா எழுதியிருக்கற."

மணி ஏழு இருபது. இன்னும் பத்து நிமிடம். ஐயா அறையில் ஒரு சின்ன ஃபிரிட்ஜ் இருக்கிறது. இரண்டு தண்ணீர் பாட்டில், அவருடைய மோர்ச் சொம்பு. லாகரை அதற்குள் வைத்தேன். டெமோ முடியும்வரை மட்டும். ஏழு இருபத்தெட்டுக்கு 7.9. பச்சை!

அதிகாரிகளுக்குக் காலையில் விழுந்த அந்தச் சிவப்பையும் நானே காட்டினேன். தரை கழுவக் கதவைத் திறந்து வைத்திருந்ததாகச் சொன்னேன். அவர்களில் கண்ணாடி போட்டவர் சொக்கிப்போய்விட்டார். "பாருங்க, இதைக்கூட மறைக்காமக் காட்டுது!" என்று மற்றவரிடம் சொன்னார். ஐந்து மாவட்டமும் வந்துவிட்டது. ஐயா என் தோளில் தட்டி ஒரு டம்ளர் நீட்டினார். குளிர்ந்த மோர்.

ஏப்ரல் 12, சனி. பக்கம் 9

முன்சொல்: மோர்.

லாகரைத் திரும்பக் கோல்டு ரூமில் வைத்தால் சரக்கு பூட்டிக்கொள்ளும். அதனால் மெக்கானிக் வரட்டும். கோல்டு ரூம் அவ்வளவு மோசம் இல்லை, உள்ளே போனால் குளுகுளுவென்றுதான் இருக்கிறது.

இன்று வீட்டில் ஒரு விழாவே நடந்தது. என் தங்கை தன்விகாவுக்கு ஒன்பது வயதிலிருந்து சர்க்கரை. அவள் உடம்பு சொந்தமாக இன்சுலின் சுரக்காது. தினமும் நான்கு ஊசி, இல்லையென்றால் உயிர் இல்லை. இப்போது பதினாறு வயது. பெரியாஸ்பத்திரியில் மாதாமாதம் இலவசமாக வாங்கி வருவாள். அந்த மருந்து எங்கே இருந்தது, யார் தொட்டார்கள், யாருக்குத் தெரியும்? எங்கள் ஏஜென்சியிலிருந்து ஒரு மாதத்துக்கானதை நானே வாங்கி, ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவந்தேன். செயினின் முதல் வாடிக்கையாளர் என் தங்கை!

ஸ்கேன் செய்தாள். தொழிற்சாலை, சென்னை கிடங்கு, ஈரோடு. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பச்சை டிக்.

"சூப்பர்ணா. என்னைய விட இதுதான் ஜாஸ்தி ஊரு சுத்தியிருக்குது" என்றாள். பொரி வெடிப்பதுபோலப் பேசுவாள். "மயிலாத்தாள்னு யாரு? ஒரு நாளைக்கு ஏழு தடவை விரல் வெச்சிருக்காங்க. பாவம், அவங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

பழைய ஆஸ்பத்திரி பாட்டில்களைக் குப்பையில் போட்டேன். அம்மா, "இருக்கட்டுமே சாமி, பொழங்குன மருந்து" என்றார். அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது. திரையில் 4.8 டிகிரி. பச்சை.

ஏப்ரல் 14, திங்கள். பக்கம் 11

முன்சொல்: பச்சை.

சித்திரைக் கனி. அப்பா லாரியோடு நாக்பூரில் இருக்கிறார், போனிலேயே வாழ்த்து. அம்மா பாயசம் வைத்தார். தன்விக்கு இரண்டு ஸ்பூன் மட்டும். மதியம் அவள் சர்க்கரை 342!

"ரெண்டு ஸ்பூனுக்கு இவ்ளோ ஏறாதுண்ணா."

"அப்ப எத்தனை ஸ்பூனு?"

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன். பக்கம் 12

முன்சொல்: சிரிக்கவில்லை.

298, 361, 330. மூன்று நாளாக இறங்கவில்லை. ஊசி அளவைக் கூட்டியும் இறங்கவில்லை.

"அண்ணா, இந்த மருந்து வேலை செய்யல."

"எந்த மருந்து? ஒவ்வொரு அஞ்சு நிமிஷமும் பதிஞ்சிருக்குது, பாரு. ஒரு இடத்துல சிவப்பு காட்டு, நான் ஒத்துக்கறேன்."

"டிக்கு இருக்குதுண்ணா. ஆனா எனக்கு தாகமா இருக்குது."

மருந்து சரி என்றால் மிச்சம் ஒன்றுதான். எளிய கணக்கு. அவள் திருட்டுத்தனமாகத் தின்கிறாள். வெல்ல டப்பாவில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டேன். சீனி டப்பாவிலும் போட்டேன். சமையலறை அலமாரிக்கு ஒரு பூட்டு.

ஏப்ரல் 19, சனி. பக்கம் 13

முன்சொல்: பூட்டு.

கம்பெனிக் கண்ணாடிக்காரர் சென்னையிலிருந்து போன் செய்தார். "தினமும் மதியம் ஒரு மணிக்கு கிராஃப்ல ஒரு சின்ன மேடு வருதே, அது என்ன சார்?" என்னை சார் என்கிறார்! லாரியில் சரக்கு ஏற்றும் நேரம் என்றேன். "அருமை, இவ்ளோ நுணுக்கமாத் தெரியுதே" என்றார். ஐயா சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் ஒரு மணி.

கோபியில் ஒரு மருந்துக்கடைக்காரரும் கூப்பிட்டார். "தம்பி, உங்க இன்சுலின் போட்டு சுகர் எறங்கலைன்னு ரெண்டு பேரு சண்டைக்கு வர்றாங்க."

"அண்ணா, லிங்க் அனுப்பறேன். ஸ்கேன் பண்ணிக் காட்டுங்க."

"காட்டுனேன் தம்பி. அந்த மனுசன் பச்சையைக் குடிச்சா எறங்குமான்னு கேக்கறான்."

ஊரே இனிப்பைத் தின்றுவிட்டு மருந்தைக் குறை சொல்கிறது.

மயிலாத்தாள் அக்கா ஒரு பெட்டியோடு என் மேசைக்கே வந்துவிட்டார். "கையை வெச்சுப் பாரு கண்ணு. வெதுவெதுன்னு இருக்குது. இதை அனுப்பாத. புள்ளத்தாச்சிக போடுவாங்க, கொழந்தைக போடும்." நான் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். 4.9. அவர் அதைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டி மூன்று மணி வண்டியில் போனது. செயினில் அவர் பெயரில் ஏறியது, வழக்கம்போல, ஒரு கைரேகை.

ஏப்ரல் 22, செவ்வாய். பக்கம் 15

முன்சொல்: கைரேகை.

மெக்கானிக் வந்தார். கம்ப்ரசர் முழுதும் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். ஐயா "பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

ஏப்ரல் 24, வியாழன். பக்கம் 16

முன்சொல்: அனுப்பிவிட்டார்.

தன்வியின் ஸ்கூல் பையில் கடலை மிட்டாய்க் காகிதம்! ஆதாரம்!

"அது சஞ்சிதாவோடதுண்ணா. பெஞ்சுல கெடந்துச்சு, குப்பைக்கூடை தூரம்னு பையில போட்டேன்."

"யாராவது குப்பையைப் பையில போடுவாங்களா?"

"நான் போடுவேன்ணா. சத்தியமா."

அம்மாவை உட்கார வைத்து, இரண்டு பேருக்கும் டேஷ்போர்டைக் காட்டினேன். ஏப்ரல் 12 முதல் இன்று வரை மூவாயிரத்துச் சொச்சம் பதிவுகள். ஒன்றுகூடச் சிவப்பு இல்லை. "இது பொய் சொல்லாது. அப்ப யாரு பொய் சொல்றது?" அம்மா அழுதுகொண்டே அவள் முதுகில் இரண்டு அடி வைத்தார். "உங்கப்பன் அங்க கண்ணு முழிச்சு ஸ்டியரிங்கு புடிக்கறான், நீ மிட்டாய் திங்கறயா?" தன்வி குளியலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயிலேயே வாய் வைத்துக் குடித்தாள். சத்தம் ஹாலுக்குக் கேட்டது. பாவாடைக் கயிற்றை இன்னும் ஒரு முடிச்சு உள்ளே இழுத்துக் கட்டியிருக்கிறாள். இரண்டு வாரத்தில் ஐந்து கிலோ குறைந்திருப்பாள். பெண் பிள்ளைகளுக்கு இந்த வயதில் ஒல்லியாக இருக்க ஆசை, அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடைசியில் ஒப்புக்கொண்டாள். "சரிண்ணா, தின்னேன். ஒண்ணு."

ஒன்றுதானா என்று கேட்டேன். "ரெண்டு" என்றாள். விடவில்லை. எவ்வளவு கேட்டாலும் அவ்வளவு ஒப்புக்கொண்டாள். முடிந்தது. உண்மை வெளியே வந்தால் மனசு எவ்வளவு லேசு!

ஏப்ரல் 26, சனி. பக்கம் 18

முன்சொல்: லேசு.

துணை மின்நிலையத்தில் பராமரிப்பு, ஏழு மணி நேரம் கரண்ட் இல்லை. வெளியே 41 டிகிரி. டேஷ்போர்டில் அசைவே இல்லை, 4.8! ஐயா அறைக்கு இன்வெர்ட்டர் உண்டு.

ஏப்ரல் 28, திங்கள். பக்கம் 19

முன்சொல்: உண்டு.

காலை ஆறு மணிக்கு அம்மா கத்திய சத்தத்தில் எழுந்தேன். தன்வி குளியலறை வாசலில் கிடந்தாள். வாந்தி. மூச்சு ஓடி வந்தவள்போல் வாங்கியது, வாயில் அழுகிய வாழைப்பழ வாசனை. சுகர் மிஷினில் எண்ணே வரவில்லை. அளக்க முடியாத அளவு என்று காட்டியது.

ஆட்டோவில் என் மடியில் தலை. கண் பாதி திறந்திருந்தது. "ஊசி போட்டேன்ணா" என்றாள். "நெசமாப் போட்டேன்."

பெரியாஸ்பத்திரி, தீவிர சிகிச்சை. டாக்டரம்மா முதல் கேள்வியே அதுதான். "இன்சுலினை எங்க வாங்கினீங்க? எப்படி வெச்சிருந்தீங்க?" நான் போனை எடுத்துச் செயினைக் காட்டினேன். அவர் புருவத்தை உயர்த்திப் பார்த்தார். "இவ்ளோ பக்காவா இருக்குதே. அப்ப பொண்ணு ஊசியை விட்டுட்டு இருந்திருக்கா. இந்த வயசுல பண்ணும்ங்க. ரெண்டு வாரமா ஒழுங்காப் போடாட்டிதான் இப்படி ஆகும்."

அம்மா நடைபாதையிலேயே தலையில் அடித்துக்கொண்டார். "எம்புட்டு சொன்னோம்! எம்புட்டு சொன்னோம் அந்தக் கழுதைகிட்ட!"

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஆறு குழாய். அதில் ஒன்று வழியாக இறங்கிக்கொண்டிருந்தது ஆஸ்பத்திரி இன்சுலின்.

ஏப்ரல் 29, செவ்வாய். பக்கம் 21

முன்சொல்: இன்சுலின்.

சர்க்கரை இறங்கிவிட்டது. ஆனால் மூளையில் வீக்கம் என்கிறார்கள். இன்னும் கண் திறக்கவில்லை.

டாக்டரம்மா கூப்பிட்டார். "எங்க இன்சுலினுக்கு டக்குன்னு எறங்குதுப்பா. வீட்ல போட்டுட்டு இருந்த பாட்டிலை எடுத்துட்டு வாங்க, லேபுக்கு அனுப்பிப் பாத்துரலாம்."

வீட்டுக்குப் போனேன். ஃபிரிட்ஜ் கதவில் மூன்று பாட்டில் இருந்தன. கழுவும் தொட்டியருகே வைத்துப் பார்க்கும்போது கைதவறிவிட்டது. மூன்றும். குழாயைத் திறந்துவிட்டுத் தரையைக் கழுவினேன். டாக்டரம்மாவிடம் உடைந்துவிட்டது என்று சொன்னேன். "மூணுமா?" என்றார். ஆமாம், தரை ஒரே வழுக்கல்.

மே 6, செவ்வாய். பக்கம் 22

முன்சொல்: வழுக்கல்.

இன்று ஏஜென்சியில் விசாரணை. கோபியிலிருந்து மூன்று புகார், பெருந்துறையிலிருந்து ஒன்று. மருந்து ஆய்வாளர், கம்பெனியின் கண்ணாடிக்காரர், ஐயா, மயிலாத்தாள் அக்கா, நான். கோல்டு ரூமில் ஐஸ் கட்டிகளை முந்தின நாளே அடுக்கி வைத்திருந்ததால் உள்ளே நன்றாகவே குளிர்ந்தது.

அக்கா மப்ளருக்குள்ளிருந்து அந்த நோட்டை எடுத்தார். ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருக்கிறார். ஏப்ரல் 10, 14 டிகிரி. ஏப்ரல் 19, 31 டிகிரி. ஏப்ரல் 26க்கு நேரே 36 என்று எழுதி, அதன் கீழே பென்சிலில் "சொன்னேன், கேக்கல".

ஆய்வாளர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஏனம்மா, இங்க 36ன்னு எழுதியிருக்கீங்க. அதே நேரத்துல செயின்ல 4.8, சரியா இருக்குதுன்னு உங்க கைரேகை இருக்குது. ரெண்டுல எது பொய்?"

"நான் வெரலே வெக்கலீங்க சாமி. என்ற வெரலை அந்த போனு எடுக்காதுங்க. தம்பிகிட்டக் கேளுங்க, தம்பிக்குத் தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது. மே 4 அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதியது, இந்த நோட்டின் பக்கம் 22. ஆய்வாளர் கையில் கொடுப்பதற்காகக் காலையில்தான் கிழித்தேன். மோர்ச் சொம்பிலிருந்து ஆரம்பித்து எல்லாம் அதில் இருந்தது.

"சொல்லுங்க தம்பி" என்றார் ஆய்வாளர். "செயின்ல அடுத்தவங்க பேர்ல யாராச்சும் ஏத்த முடியுமா?"

கண்ணாடிக்காரர் என்னை ஆவலாகப் பார்த்தார். ஐயா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"முடியாதுங்க" என்றேன். "அதுக்காகத்தான் செயினே."

அக்கா சண்டை போடவில்லை. நோட்டைத் திரும்பக் கேட்டார். ஐயா தரவில்லை. "இருக்கட்டும், இங்கயே கெடக்கட்டும். நாளைல இருந்து நீ வர வேண்டாம் மயிலாத்தா. போலீசுக்குப் போகாம உடறேன்னு நெனச்சுக்க." அவர் வாசலில் செருப்பை மாட்டும்போது நான் அங்கேதான் நின்றேன். "தங்கச்சி எப்படி இருக்குது கண்ணு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெளியே டீக்கடையில் இரண்டு பஜ்ஜி வாங்கினேன். எண்ணெய் சொட்டியது. ஒற்றி எடுக்கப் பையில் அந்தத் தாள்தான் இருந்தது.

பழைய 23ஐ அடித்து இந்தப் பக்கத்துக்கு 22 என்று போட்டுவிட்டேன். முன்சொல்லையும் ஏப்ரல் 29லிருந்து எடுத்துக்கொண்டேன். இப்போது செயின் சரியாக ஓடுகிறது. நோட்டுதானே.

மே 8, வியாழன். பக்கம் 24

முன்சொல்: நோட்டுதானே.

தன்வி கண் திறந்தாள்! அம்மாவை அடையாளம் தெரிகிறது!!! வலது கை மட்டும் நடுங்குகிறது. ஸ்பூனைப் பார்த்து அதன் பெயர் வராமல் ரொம்ப நேரம் தவித்தாள். "சாப்பிடற... சாப்பிடற..." போகப் போகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்கிறார் டாக்டரம்மா. இந்த வருடம் பள்ளிக்கூடம் வேண்டாம்.

டிஸ்கார்டில் ஒன்பது நாளாக நான் வரவில்லை என்று தேடியிருக்கிறார்கள். சவாலில் மிச்சம் நான் ஒருவன்தானாம். எங்கள் செயின் விசாரணையில் எப்படி உண்மையை நிரூபித்தது என்று பதிவு போட்டேன். நாற்பத்தியொரு பேர் பகிர்ந்தார்கள்.

மே 17, சனி. பக்கம் 25

முன்சொல்: பகிர்ந்தார்கள்.

மிச்ச நான்கு லாகர்களும் வந்துவிட்டன. ஐந்தையும் வைக்க ஐயா அறை ஃபிரிட்ஜில் இடமில்லை. மோர்ச் சொம்பை எடுத்தால்தான் முடியும். ஐயா யோசித்தார். "கம்ப்ரசரு மாத்தறதுக்குப் பதிலா, ஒரு டபுள் டோரு ஃபிரிட்ஜு வாங்கிப் போட்டுறலாம் தம்பி." ஐந்து மாவட்டத்துக்கும் திங்கள்கிழமை முதல் வண்டி. கோல்டு ரூமுக்குப் புதிய ஆள் வந்திருக்கிறார், பெயர் பாவாயி. அவருடைய ரேகை நல்ல அழுத்தமாக இருக்கிறது. போன் முதல் தடவையே எடுத்துக்கொண்டது. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். "பச்சையைப் பாத்து வெரலை வெச்சாப் போதுங்க்கா" என்றேன்.

மே 19, திங்கள். பக்கம் 26

முன்சொல்: என்றேன்.

தன்வி வீட்டுக்கு வந்து மூன்று நாள். பெரியாஸ்பத்திரியில் வரிசையில் நின்று அவள் சீட்டுக்கு நானே இன்சுலின் வாங்கினேன். வீட்டுக்கு வரும்முன் அந்தப் பாட்டில்களை எங்கள் ஏஜென்சியின் காலிப் பெட்டிக்குள் மாற்றி அடைத்தேன். அம்மா கேள்வி கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

காலை, இட்லிக்கு முன் ஊசி. கை நடுங்குவதால் நான்தான் போடுகிறேன். போடும்முன் அவள் பெட்டியை இடது கையால் தூக்கிப் பிடித்து ஸ்கேன் செய்யச் சொல்கிறாள். தினமும். தொழிற்சாலை, சென்னை கிடங்கு, ஈரோடு. பட்டியலை விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள்.

"மயி... மயிலாத்தாள்" என்றாள். "கண்டுபுடிச்சிட்டேன்ணா, பேரு." சிரித்தாள்.

இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 128. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக எல்லாமே நூற்றைம்பதுக்குள். அவள் மிஷினை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைத்தாள்.

"பாத்தியாண்ணா. அதே மருந்து. அப்ப... நான்தான். நான்தான் திருட்டுத்தனமா..." அடுத்த சொல் வரவில்லை. காத்திருந்தேன். "தின்னுட்டு. பொய் சொன்னேன். மன்னிச்சிரு. இப்ப நான் ஒழுங்கா இருக்கறேன், மருந்து... மருந்தும் வேலை செய்யுது."

"சரி விடு" என்றேன்.

"இன்னிக்கு என்ன காட்டுது?"

அவளுக்காக டேஷ்போர்டைத் திறந்தேன். வண்டி ஆறு மணிக்கே கிளம்பிவிட்டது. கோபி, பெருந்துறை, பவானி தாண்டி நாமக்கல், கரூர், இன்னும் இரண்டு மாவட்டம். கீழே 4.8 டிகிரி.

"என்ன கலருண்ணா?" என்று கேட்டாள். திரை அவளுக்கு நேராகத்தான் இருந்தது. அந்தச் சொல்லை என் வாயால் கேட்க வேண்டுமாம். சொன்னேன்: பச்சை.